பையன் போனால் சர்வரும் போகிறது: எங்கள் நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலர் ஐயா, கணக்கு வழக்குப் பார்க்கும் ஆச்சி, குழுவில் இருக்கும் மற்ற பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும், "கம்ப்யூட்டர் தம்பி" என்றுதான் கூப்பிடுவீர்கள். கல்லூரியிலும் நான்கு பள்ளிகளிலும் சேர்த்து 14 சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன், எனக்கு முன்னால் இருந்த அண்ணன் சிங்கப்பூர் போன பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவன். அறக்கட்டளையின் பெயரை இங்கே எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். வீட்டு விஷயத்தை ஏன் தெருவுக்குக் கொண்டுவருகிறாய் என்று கேட்பீர்கள். மூன்று முறை மெயில் அனுப்பினேன். ஒரு முறை பிரிண்ட் எடுத்து நேரில் கொடுத்தேன், அடுத்த கூட்டத்தில் அது டீ தம்ளருக்கு அடியில் கிடந்தது. அப்புறம் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் வேறு நிர்வாகங்களில் இதே வேலை பார்க்கிற நண்பர்களிடம் பேசிப் பார்த்தால் அங்கேயும் இதே கதைதான் ஓடுகிறது, அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போன மே மாதம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அட்மிஷன் நேரம், பீஸ் வாங்குகிற சர்வர் செத்துப்போனது. 9 நாள் பெற்றோர்கள் தாழ்வாரத்தில் வரிசையில் நிற்க, கையால் ரசீது எழுதினோம். "பேக்கப் இருக்கிறது என்றாயே" என்று ஆச்சி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இருந்தது ஆச்சி, முந்தின நாள் ராத்திரி வரைக்கும் டேட்டா பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த டேட்டாவை வைத்து ஓட்டுகிற மெஷினை எப்படி அமைத்திருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. பிஎச்பி என்கிற நிரல்மொழியில் எந்தப் பதிப்பு, எந்த ஃபைலில் எந்த வரியை மாற்றினார்கள், ராத்திரி 2 மணிக்குத் தானாக ஓடுகிற கிரான் வேலை எது, ஃபயர்வாலில் எந்தக் கதவைத் திறந்துவைத்தார்கள், ஒன்றும் எழுதிவைக்கவில்லை. ராத்திரி 11 மணிக்குச் சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். அண்ணன் பாவம், எடுத்துப் பொறுமையாகத்தான் பேசினார். "அந்த ஃபைல்ல ஒரு லைன் மாத்துனேன்டா தம்பி, என்னன்னுதான் ஞாபகம் வரல" என்றார். அந்த ஒரு லைனைக் கண்டுபிடிக்க 4 நாள் ஆனது. அவரைக் குறை சொல்லவில்லை, கெட்டிக்காரர், ஒண்டி ஆளாக அத்தனையையும் கட்டியவர். அத்தனையும் அவருடைய கைப்பக்குவமாக இருந்தது என்பதுதான் சிக்கல்.

அதற்குப் பிறகு கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போட்டீர்கள்: பெரிய விலையில் ஒரு புது சர்வர் வாங்குவது, என்னோடு இன்னொரு பையனை வேலைக்குச் சேர்ப்பது. இந்த இரண்டும் வேண்டாம், அல்லது இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

சர்வர்களை இனிமேல் கையால் அமைக்கக் கூடாது, எழுதிவைத்து அமைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. எழுதுவது என்றால் நோட்டுப் புத்தகத்தில் செய்முறை எழுதுவது இல்லை, அதை நானே தொடங்கி மூன்றாம் வாரத்தில் விட்டவன். மெஷினே படித்து அதன்படி தன்னை அமைத்துக்கொள்கிற மாதிரி எழுதுவது. கான்ஃபிகரேஷன் மேனேஜ்மெண்ட் என்று இதற்குப் பெயர். நேற்று வந்த ஃபேஷன் என்று நினைக்காதீர்கள். மார்க் பர்ஜெஸ் என்பவர் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் 1993-லேயே சிஎஃப்எஞ்சின் என்று ஒன்றை எழுதிவிட்டார். இதே வேலைக்கு பப்பெட் 2005-ல் வந்தது, செஃப் 2009-ல், சால்ட் 2011-ல், நான் பயன்படுத்துகிற அன்சிபிள் 2012-ல். அன்சிபிளை 2015-ல் ரெட் ஹேட் நிறுவனம் வாங்கிக்கொண்டது, ஆனாலும் நமக்கு வேண்டிய அடிப்படை மென்பொருள் இலவசம்தான், லைசென்ஸ் காசு கிடையாது. ஆச்சிக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். "ஒரு கரண்டி உப்புப் போடு" என்று மாஸ்டர் சொல்கிறார், ஒரு பையன் போடுகிறான். மாஸ்டர் வெளியே போய்விட்டு வந்து, போட்டானா இல்லையா என்று சந்தேகப்பட்டு, இன்னொருவனிடம் சொல்கிறார், அவனும் போடுகிறான். அவ்வளவுதான், பந்தியில் உட்கார்ந்த ஆயிரம் பேரும் மோரைத் தேடுவார்கள். நாங்கள் இத்தனை நாள் எழுதிவந்த ஷெல் ஸ்கிரிப்டுகள், அதாவது மெஷினுக்கு வரிசையாகக் கொடுக்கிற கட்டளைப் பட்டியல்கள், இந்த ரகம். "இந்த வரியைச் சேர்" என்றால் சேர்க்கும், இரண்டாம் தடவை ஓட்டினால் இரண்டாம் தடவையும் சேர்க்கும், பாதியில் கரண்ட் போய் நின்றால் எதுவரை முடிந்தது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அன்சிபிளிடம் "உப்புப் போடு" என்று சொல்வதில்லை, "சாம்பாரில் உப்பு இந்த அளவு இருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுக்கிறோம். அது முதலில் ருசி பார்க்கும். சரியாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், குறைந்தால் போடும். பத்துத் தடவை ஓட்டினாலும் உப்பு ஏறாது. முடித்த பிறகு எத்தனை இடத்தில் சரியாக இருந்தது, எத்தனை இடத்தில் மாற்றினேன், எங்கே முடியவில்லை என்று மெஷின் வாரியாகக் கணக்கும் கொடுக்கும். (கூடிப்போன உப்பை இறக்குமா என்று செயலர் ஐயா கேட்பார். சாம்பாரில் முடியாது ஐயா, சர்வரில் முடியும், "இந்த வரி இருக்கக் கூடாது" என்று எழுதினால் எடுத்துவிடும். ஆனால் இதற்குள்ளும் பழைய ஷெல் கட்டளைகளை அப்படியே திணித்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.)

பப்பெட் நல்ல மென்பொருள், அதன் ஆள் ஒருவன் ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் உட்கார்ந்து 30 நிமிடத்துக்கு ஒருமுறை தலைமை மெஷினிடம் போய் "நான் எப்படி இருக்க வேண்டும்" என்று கேட்டு வருவான். நூற்றுக்கணக்கில் மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு அது சரி. நமக்கு 14-தான். அன்சிபிளுக்கு அப்படி ஆள் எவனும் தேவையில்லை, எஸ்எஸ்ஹெச் என்கிற பாதுகாப்பான இணைப்பு வழியாக உள்ளே போகும், அங்கே பைத்தான் என்கிற நிரல்மொழி இருந்தால் போதும், வேலையை முடித்துவிட்டு வெளியே வந்துவிடும். யாமல் என்கிற வடிவத்தில் எழுத வேண்டும், ஒரு ஸ்பேஸ் பிசகினால் கோபித்துக்கொள்ளும், அது ஒன்றுதான் தொல்லை.

யாரிடமும் கேட்காமல் சனிக்கிழமைகளில் நானே இதைத் தொடங்கிவிட்டேன். பெரிதாக எதையும் தொடவில்லை. எல்லா மெஷினுக்கும் பொதுவானதை மட்டும் எழுதினேன்: நேரம் சரியாக இருக்க வேண்டும், இன்னின்னாருக்கு மட்டும் கணக்கு இருக்க வேண்டும், ஃபயர்வால் இப்படி இருக்க வேண்டும், பேக்கப் ஓட வேண்டும். எதையும் மாற்றாமல் வித்தியாசத்தை மட்டும் சொல்லச் சொல்லி ஓட்டிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, செக் மோட் என்பார்கள், அப்படித்தான் முதல் தடவை ஓட்டினேன். வந்த பதிலைப் பார்த்து அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. சிங்கப்பூர் போன அண்ணனின் கணக்கு 6 மெஷினில் அப்படியே திறந்து கிடந்தது. 3 மெஷினில் கடிகாரம் தப்பு, அதில் ஒன்று வருகைப் பதிவு சர்வர், 11 நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. தாமதமாக வந்தார் என்று நாம் சம்பளம் பிடித்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரே, அவர் சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறார். அவரிடம் யார் பேசுவது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், நான் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டேன்.

இன்னொன்றும் வெளியே வந்தது. 2 மெஷின் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 என்கிற பழைய லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகிறது, அதற்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. அன்சிபிளின் புதிய பதிப்புகள் அந்தப் பழைய பைத்தானோடு பேசவே மறுக்கின்றன, அந்த 2 மெஷினுக்காக 2.16 பதிப்பைத் தனியாக வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன். அவற்றைக் கையால் புதிதாக அமைக்க எனக்குத் தைரியம் இல்லை. போன மே மாதம் போதும்.

இப்போது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பாட்டன்மார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிலோனுக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். ரங்கூன் மொகல் தெருவில் வட்டிக் கடை, இங்கே ஊரில் முதலாளி. ஏஜெண்டாகப் போனவர் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு முடித்து ஊருக்குத் திரும்புவார், அந்த இடத்துக்கு வேறொருவர் கப்பலேறுவார். போனும் கிடையாது, மெயிலும் கிடையாது. புதிதாகப் போய் இறங்குகிறவர் எதை வைத்துத் தொழிலை நடத்தினார்? பேரேட்டை வைத்து. யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம், என்ன வட்டி, எந்த நிலம் ஈடு, எல்லாம் எழுத்தில் இருந்தது, ஐந்தொகை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கடை மாறியது. பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கடைசி ஆளாகப் போனவன் மேலாளாக வளர்ந்ததும் அந்த ஏடுகளைப் படித்துத்தான். "முந்தின ஏஜெண்டுக்கு ஞாபகம் இல்லையாம்" என்று யாராவது கடிதம் போட்டிருந்தால் உங்கள் ஐயா என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

14 சர்வர்களின் பேரேடு இன்றைக்கு எங்கே இருக்கிறது? பாதி என் மண்டையில், பாதி சிங்கப்பூரில். எனக்கும் பெங்களூரிலிருந்து போன் வருகிறது, மறைக்கவில்லை. நான் கிளம்பினால் அடுத்து வருகிறவன் எனக்கு ராத்திரி 11 மணிக்குப் போன் போடுவான், நானும் அதே "ஞாபகம் வரல"யைத்தான் சொல்வேன். இன்னொரு பையனைச் சேர்த்தால் மறப்பதற்கு இன்னொரு மண்டை சேரும். அன்சிபிளில் எழுதுகிற பிளேபுக்குகளை கிட் என்கிற பதிவேட்டில் வைத்தால், யார், என்றைக்கு, எந்த வரியை மாற்றினார்கள் என்பது இருக்கும், எதற்காக என்று ஒரு குறிப்பும் இருக்கும். அந்தப் பதிவேட்டின் கணக்கு என் பெயரில் இருக்கக் கூடாது, அறக்கட்டளை பெயரில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டுகளை அதற்குள்ளேயே பூட்டிவைக்க வால்ட் என்று ஒன்று இருக்கிறது. அதன் சாவியை உறையில் போட்டு, அரக்கு வைத்து, அலுவலகத்தில் சும்மா நிற்கிற பழைய இரும்புப் பெட்டியில் வையுங்கள், அதற்கும் ஒரு வேலை கிடைக்கட்டும்.

"ஏஎம்சி கம்பெனி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள்) இருக்கிறதே" என்பார் பொருளாளர். இருக்கிறது. போன மே மாதம் அவர்களுடைய இன்ஜினியர் பல்லவனில் வந்து இறங்கினார், டிஸ்க்கை மாற்றினார், வெறும் லினக்ஸை ஏற்றினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒப்பந்தத்தில் அவ்வளவுதான் எழுதியிருந்தது, அவர் மேல் தப்பு இல்லை. கிளவுடுக்குப் போய்விடலாம் என்கிறார்கள் சிலர், போகலாம், அங்கேயும் கொடுப்பது காலி மெஷின்தான், அதையும் யாராவது அமைத்தாக வேண்டும். டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று பிசிக்ஸ் சார் கேட்டார், அது நல்ல கேள்வி. எடுத்தும் வைத்திருக்கிறேன். ஆனால் இமேஜ் என்பது அழுக்கையும் சேர்த்து எடுத்த போட்டோ, அதில் என்ன இருக்கிறது என்று தெரியும், ஏன் இருக்கிறது என்று தெரியாது. எட்டு மாதம் பழைய இமேஜைப் போட்டால் எட்டு மாதத்துத் திருத்தமும் போச்சு.

காலி மெஷின் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதற்கும் வழி இருக்கிறது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" அழுத்த வேண்டியதில்லை. நெட்வொர்க் கேபிளைச் செருகிப் பவர் போட்டால் மெஷின் நெட்வொர்க்கில் முகவரி கொடுக்கிற டிஎச்சிபி என்கிற சேவையிடம் முகவரி கேட்கும், நம் இன்ஸ்டால் சர்வர் முகவரியோடு சேர்த்து எழுந்திருப்பதற்கு வேண்டிய சின்ன ஃபைலையும் டிஎஃப்டிபி என்கிற எளிய ஃபைல் அனுப்பும் முறையில் கொடுக்கும், இதற்கு பிஎக்ஸ்இ என்று பெயர். அப்புறம் இன்ஸ்டாலர் கேட்கிற மொழி, டிஸ்க் பிரிப்பு, பயனர் பெயர் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே எழுதிவைத்த விடைத்தாள். ரெட் ஹேட் வகையில் அது கிக்ஸ்டார்ட், டெபியனில் ப்ரீசீட், உபுண்டு சர்வரில் 20.04-லிருந்து ஆட்டோ இன்ஸ்டால். அது முடிந்ததும் அன்சிபிள் உள்ளே நுழைந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஆத்தங்குடிக் கல் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறியிருந்தால்தான் கைவேலை என்று விரும்பி வாங்குகிறோம், சர்வருக்கு அந்த அழகு ஆகாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வணிக நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். 8 சர்வர்களில் புது நிரலைக் கையால் ஏற்ற வேண்டியது, 7-ல் ஏற்றிவிட்டு ஒன்றை விட்டுவிட்டார்கள். சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. விட்டுப்போன அந்த ஒன்றில் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, சந்தை திறந்து சுமார் 45 நிமிடத்துக்குள் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நம்மிடம் அவ்வளவு காசு இல்லை என்று சிரிக்காதீர்கள், நம்மிடம் இருப்பது பிள்ளைகளின் மார்க்.

தானியங்கியாகச் செய்வதில் ஆபத்தும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு உங்களிடம் கையெழுத்து வாங்க விரும்பவில்லை. கையால் தப்புச் செய்தால் ஒரு மெஷின் போகும், பிளேபுக்கில் தப்புச் செய்தால் 14-ம் ஒரே நேரத்தில் போகும். 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தப்பான அப்டேட்டில் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்தன, விமானமெல்லாம் நின்றது. அதனால்தான் முதல் ஈடு இட்லி வெந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த ஈடு ஊற்றுகிற மாதிரி, முதலில் சோதனை மெஷினில், அப்புறம் ஒரு பள்ளியில், அப்புறம்தான் மற்றவற்றில் என்று போக வேண்டும். சோதனைக்கென்று ஒரு மெஷின் கீழே கேட்கப்போகிறேன், அது இதற்குத்தான்.

ஏன் இவ்வளவு அவசரம் என்பதற்கு இன்னொரு காரணம். இணையதளத்துக்குப் போடுகிற எஸ்எஸ்எல் சான்றிதழை இதுவரை வருடத்துக்கு ஒருமுறை நான் கையால் மாற்றிவந்தேன், அதையே ஒரு தடவை மறந்து, "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்று சிவப்பாக வந்து, உங்களுக்கு ஊரெல்லாம் போன் வந்தது. சான்றிதழின் அதிகபட்ச ஆயுளைக் குறைத்துக்கொண்டே போவதாக உலக அளவில் 2025-ல் முடிவாகிவிட்டது. 2026 மார்ச் 15-லிருந்து 200 நாள், 2027-ல் 100 நாள், 2029-ல் 47 நாள். 47 நாளுக்கு ஒருமுறை, இத்தனை தளத்துக்கும், கையால் என்றால் என்னால் ஆகாது.

சரி, நான் கேட்பது என்ன என்பதற்கு வருகிறேன். அந்தப் பெரிய சர்வரை வாங்குவதைத் தள்ளிவையுங்கள், அந்தக் காசில் மூன்றில் ஒரு பங்குக்குச் சாதாரண மெஷின் இரண்டு போதும், ஒன்று சோதனைக்கு, இன்னொன்று எது செத்தாலும் அந்த இடத்தில் நிற்க. மூன்று மாதத்துக்குத் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் என்னைப் புரொஜெக்டருக்கும் பிரிண்டருக்கும் கூப்பிடாதீர்கள், இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கோரிக்கை என்று தெரியும். இன்னொரு பையனுக்குப் பதிலாக நம் கல்லூரியிலேயே கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேருக்கு உதவித்தொகை கொடுத்து என்னோடு விடுங்கள், அவர்கள் எழுதுவதை நான் படித்துப் பார்க்காமலும், நான் எழுதுவதை அவர்கள் படித்துப் பார்க்காமலும் எதுவும் மெஷினுக்குப் போகாது. வெளியாட்கள் யார் வந்து எதை நிறுவினாலும், அது பிளேபுக்காக நம் கைக்கு வராதவரை பில்லைப் பாஸ் செய்யாதீர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை, கோடை விடுமுறையில் ஒன்று, அரைப்பரீட்சை லீவில் ஒன்று, ஒரு சர்வரை வேண்டுமென்றே காலி செய்துவிட்டு எத்தனை நேரத்தில் திரும்ப எழுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்போம், நீங்களும் வந்து உட்காருங்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என் லேப்டாப்பையும் ஸ்டோர் ரூமில் கிடக்கிற பழைய மெஷின் ஒன்றையும் எடுத்துவருகிறேன். அதன் டிஸ்க்கை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கிறேன், போன மே மாதம் 9 நாள் ஆன அதே பீஸ் சர்வரை அதில் எழுப்பிக் காட்டுகிறேன், வீட்டில் ஒத்திகை பார்த்ததில் 52 நிமிடம் ஆனது. நீங்கள் கூட்டம் நடத்தும் அந்தப் பெரிய வீட்டு வளவில் தூணுக்குத் தூண் தேக்கு இருக்கிறது, பிளக் பாயிண்ட் ஒன்றுகூட இல்லை, அதனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் நானே கொண்டுவருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: நான் கொண்டுவருகிற ஸ்விட்சிலிருந்து வருகிற கேபிளை யாரும் உதவி செய்வதாக நினைத்து அந்த வீட்டு வைஃபை பெட்டியில் செருகிவிட வேண்டாம், அப்புறம் ஆச்சியின் டிவியிலிருந்து கேட்டுக்குப் போட்ட கேமரா வரைக்கும் எல்லாம் என் லேப்டாப்பிடம் முகவரி கேட்டு வரிசையில் நிற்கும்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் தம்பி